இறக்கைக்குள் எழுதப்பட்டவை

நுழையும்முன்

எழுத்து ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை. கல்லிலும் செப்பேட்டிலும் பானை ஓட்டிலும் நம் முன்னோர் எழுதினர். எந்திரங்களின் காலத்தில் போல்ட்டின் தலையிலும் தகட்டின் முதுகிலும் மரச்சட்டத்தின் விளிம்பிலும் எழுத்து ஏறியது. பழைய சிறு வானூர்தி ஒன்றைப் பிரித்துச் சீரமைப்போர் அதனுள் காணும் தொழிற்சாலைக் குறிகளை எவ்வாறு படிக்கின்றனர், அக்குறிகள் எவ்விடத்தில் உண்மை கூறுகின்றன, எவ்விடத்தில் ஏமாற்றுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திறக்கப்படும் இறக்கை

பழைய வானூர்திகளைச் சீரமைக்கும் பட்டறை ஒன்றை மனக்கண்முன் கொண்டு வருவோம். மரத்தாங்கிகளின்மீது ஓர் இறக்கை கிடத்தப்பட்டிருக்கிறது. அதன்மேல் இழுத்துப் போர்த்தப்பட்ட துணி காலத்தால் இறுகி, வெடிப்புற்று, நிறம் மாறிக் கிடக்கிறது. சீரமைப்பவர் கூரிய கத்தியால் துணியைக் கீறி மெல்ல உரிக்கிறார். பல்லாண்டுகளுக்குப் பின் இறக்கையின் உட்புறத்தில் வெளிச்சம் படுகிறது.

அங்கே மரத்தாலான விலாச்சட்டம் ஒன்றில் மையால் இட்ட சிறு முத்திரை தெரிகிறது. அதனருகே பென்சிலால் எழுதிய ஓர் எண். சற்றுத் தள்ளி, எஃகுப் பொருத்து ஒன்றில் அச்சாணி கொண்டு அடித்துப் பதித்த எழுத்துத் தொடர். வெளியிலிருந்து பார்ப்பவர் எவரும் காண இயலாத இடத்தில் இவற்றை எழுதியது யார்? எதற்காக எழுதினர்? சீரமைத்த பின்னர் இவை இருக்க வேண்டுமா, மறைய வேண்டுமா? இம்மூன்று வினாக்களும் எழுந்தவுடன் பட்டறைப் பணி ஆராய்ச்சிப் பணியாக மாறிவிடுகிறது.

கல்வெட்டைப் படிப்பவர், எழுத்தின் வடிவத்தையும் கல்லின் இயல்பையும் கல் நின்ற இடத்தையும் ஒருசேர நோக்குவார். பழைய வானூர்தியின் குறிகளைப் படிப்பவரும் அவ்வாறே செய்கிறார். வேறுபாடு ஒன்று உண்டு. கல்வெட்டைத் தவறாகப் படித்தால் வரலாறு பிழைபடும். வானூர்தியின் குறியைத் தவறாகப் படித்தால், அதில் ஏறிப் பறப்பவரின் உயிருக்கே ஊறு நேரலாம்.

டைகர் மாத் என்னும் பயிற்சி வானூர்தி

குறிகளைப் பற்றி அறிய, எடுத்துக்காட்டாக ஒரு வானூர்தியைக் கொள்வோம். இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய டைகர் மாத், 1931 அக்டோபர் 26 அன்று முதன்முதலாகப் பறந்தது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகளைக் கொண்ட சிறு வானூர்தி இது. இறக்கையின் நீளம் முனைக்கு முனை 8.94 மீட்டர். ஆசிரியரும் மாணவரும் ஒருவர்பின் ஒருவராக அமர இரண்டு திறந்த இருக்கைகள் உண்டு. 130 குதிரைத்திறன் கொண்ட ஜிப்சி மேஜர் என்னும் எந்திரம் இதனை இயக்கியது. உடற்பகுதியின் எலும்புக்கூடு எஃகுக் குழாய்களால் ஆனது. இறக்கைகள் மரத்தால் ஆனவை. இரண்டையும் துணி போர்த்தியிருந்தது. துணி விறைத்து நிற்பதற்காக டோப் எனப்படும் மெருகுப் பூச்சினைப் பல முறை பூசினர்.

பிரிட்டனின் அரச விமானப்படை 1932 முதல் இதனைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் விமானிகளின் தேவை பெருகியது. பயிற்சி வானூர்திகளின் தேவையும் பெருகியது. டி ஹாவிலண்டின் ஹாட்ஃபீல்டு தொழிற்சாலையால் மட்டும் அத்தேவையை நிறைவு செய்ய இயலவில்லை. ஆகவே ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள கௌலியில் மகிழுந்துகளைச் செய்துவந்த மோரிஸ் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் டைகர் மாத் தயாரிக்கப்பட்டது. அங்கு மட்டும் 3000க்கும் மேற்பட்டவை உருவாயின. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலும் தயாரிப்பு நடைபெற்றது. உலகெங்கும் 8000க்கும் மேற்பட்ட டைகர் மாத் வானூர்திகள் உருவாக்கப்பட்டன.

இவ்வரலாறே குறிகளின் புதிருக்கு அடிப்படை. வடிவமைப்பு ஒன்று, தொழிற்சாலைகள் பல. வரைபடத்தில் உள்ள உறுப்பு எண் எங்கும் ஒன்றாகவே இருக்கக் கூடும். ஆனால் அவ்வுறுப்பைச் செய்த கை வேறு; அதனைச் சோதித்து முத்திரையிட்ட கை வேறு.

ஐவகைக் குறிகள்

ஒரு பழைய வானூர்தியில் காணப்படும் குறிகளை, அவை யாருக்காக எழுதப்பட்டன என்னும் நோக்கில் ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது, வெளியுலகுக்காக எழுதப்பட்டது. உடற்பகுதியின் பக்கவாட்டிலும் இறக்கையிலும் பெரிய எழுத்தில் தீட்டப்பட்ட பதிவெழுத்துகளும் படை எண்களும் இவ்வகையின. பிரிட்டனின் குடிமை வானூர்திகள் ‘ஜி’ என்னும் எழுத்திலும், இந்தியாவின் வானூர்திகள் ‘வி.டி.’ என்னும் எழுத்துகளிலும் தொடங்கும் பதிவுப் பெயரைப் பெறும். அரச விமானப்படையின் வானூர்திகளுக்கு முதலில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் வழங்கப்பட்டன. 1940ஆம் ஆண்டில் அவ்வரிசை தீர்ந்துபோனது. அதன்பின் இரண்டு எழுத்துகளும் மூன்று இலக்கங்களும் கொண்ட வரிசை தொடங்கியது. எனவே, பூச்சுகளுக்கு அடியில் பாதி அழிந்த எண் ஒன்று தெரிந்தால், எழுத்து ஒன்றா இரண்டா என்பதைக் கொண்டே அது முந்தைய வரிசையைச் சேர்ந்ததா பிந்தைய வரிசையைச் சேர்ந்ததா என்று அறியலாம்.

இரண்டாவது, சட்டத்திற்காக எழுதப்பட்டது. தயாரித்த நிறுவனத்தின் பெயர், வகை, வரிசை எண் ஆகியவற்றைத் தாங்கிய அடையாளத் தகடு இவ்வகைக்குச் சான்று. படை எண் மாறலாம், உரிமையாளர் மாறலாம், நாடும் மாறலாம். தொழிற்சாலையின் வரிசை எண் மட்டும் பிறந்த நாள்போல் மாறாது நிற்கும்.

மூன்றாவது, தொழிற்சாலைக்குள் ஒருவர் மற்றவருக்குப் பொறுப்புரைக்க எழுதியது. உறுப்பு எண்ணும் ஆய்வாளரின் முத்திரையும் இவ்வகையில் அடங்கும். பிரிட்டனில் வானூர்தி உறுப்புகளின் தரத்தை உறுதி செய்ய ‘ஏ.ஐ.டி.’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அரசின் ஆய்வு அமைப்பு 1913ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் ஒவ்வொருவரிடமும் தனக்குரிய எண் பொறித்த முத்திரை இருக்கும். ஓர் உறுப்பில் அவர் முத்திரையிட்டால், ‘இதனை நான் பார்த்தேன், இதற்கு நான் பொறுப்பு’ என்பது பொருள். பின்னாளில் அவ்வுறுப்பு முறிந்தால், முத்திரையின் எண்ணைக் கொண்டு ஆய்ந்தவரைக் கண்டறியலாம். ஒரு வட்டத்துக்குள் அடங்கிய சிறு எண், அக்காலத்தில் ஒருவர் இட்ட கையொப்பம்.

நான்காவது, மூலப்பொருளோடு வந்தது. அலுமினியத் தகடுகளை உருட்டிய ஆலை, தகட்டின்மீது உலோகத்தின் வகையை மையால் வரிவரியாக அச்சிட்டு அனுப்பியது. வானூர்தி கட்டப்பட்டபோது வெளிப்புறத்தில் அவ்வெழுத்துகள் வண்ணத்தால் மறைந்தன; உட்புறத்தில் அப்படியே தங்கின.

ஐந்தாவது, தொழிலாளி தனக்காக எழுதிக்கொண்டது. ‘இடது’, ‘வலது’, ‘மேல்’ என்னும் சொற்கள், விலாச்சட்டத்தின் வரிசை எண், துளையிட வேண்டிய இடத்தைக் காட்டும் பென்சில் கோடு முதலியவை இவ்வகையின. வேலை முடிந்ததும் மறந்துவிடத் தக்கவையாக எழுதப்பட்ட இவையே இன்று நம்மைப் பெரிதும் நெகிழச் செய்கின்றன.

தலையெழுத்தை அறிதல்

குறிகளைப் படிப்பது ஆர்வத்துக்காக மட்டுமன்று. பாதுகாப்புக்கு அது முதற்படி. வானூர்தியில் பயன்படும் போல்ட்டுகளைப் பாருங்கள். அமெரிக்க வானூர்திகளில் ‘ஏ.என்.’ என்னும் படைத்துறைத் தரத்தின்படி செய்த போல்ட்டுகள் பயன்பட்டன. போல்ட்டின் தலையில் பெருக்கல் குறியோ விண்மீன் போன்ற குறியோ இருந்தால், அது உறுதிமிக்க எஃகுக் கலவையால் ஆனது. ஒற்றைக் கோடு இருந்தால், துரு ஏறாத எஃகால் ஆனது. இரண்டு கோடுகள் இருந்தால், அலுமினியக் கலவையால் ஆனது. மூன்றும் பூச்சுக்குப் பின் ஏறத்தாழ ஒரே தோற்றம் காட்டக்கூடியவை. ஆனால் அவை தாங்கும் சுமை வேறு. எஃகு இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் இருந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய வானூர்தியைப் பிரிக்கும்போது, நடுவிலிருந்து ஆரங்கள்போல் மூன்று கோடுகள் விரியும் தலையுடைய போல்ட் ஒன்று சில வேளைகளில் அகப்படும். அது மோட்டார் வண்டிகளுக்கான தரக்குறி. எப்போதோ ஒருவர் உரிய போல்ட் கிடைக்காமல் கடையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார் என்பதை அக்கோடுகள் காட்டிக்கொடுக்கின்றன. போல்ட் பளபளப்பாக இருக்கலாம், இறுக்கமாகவும் இருக்கலாம். அதன் தலையில் உள்ள குறி, அது அவ்விடத்திற்கு உரியதன்று என்று உரைக்கிறது.

திருகின் மரையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. டைகர் மாத் போன்ற பழைய பிரிட்டிஷ் வானூர்திகளில், ‘பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்’ என்னும் மரைமுறை பயன்பட்டது. அதன்படி, கால் அங்குலப் போல்ட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு 26 மரைகள் இருக்கும். அமெரிக்க நுண்மரை முறையில் அதே அளவுப் போல்ட்டில் 28 மரைகள் இருக்கும். ஒன்றின் நட்டை மற்றொன்றின் போல்ட்டில் வைத்துத் திருகினால் தொடக்கத்தில் ஏறும், பின்னர் இறுகும், மேலும் திருகினால் மரை சிதையும். இறுகியதைக் கண்டு பொருந்திவிட்டது என்று கருதுபவர் ஏமாந்துபோவார். எனவே குறியைப் படித்து, மரை அளவியால் அளந்து, அதன் பின்னரே போல்ட்டை மாட்டுவது முறை.

தெரியுமா?

அலுமினியத் தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளின் தலையிலும் குறி உண்டு. அமெரிக்கத் தர முறையில், தலை வழவழப்பாக இருந்தால் அது கலப்பற்ற மென்மையான அலுமினியம். நடுவில் சிறு குழி இருந்தால் ‘ஏ.டி.’ என்னும் கலவை. புடைத்த ஒற்றைப் புள்ளி இருந்தால் ‘டி’ என்னும் கலவை. புடைத்த இரண்டு சிறு கோடுகள் இருந்தால் ‘டி.டி.’ என்னும் கலவை. அரிசியளவே உள்ள தலையில் ஓர் உலோகத்தின் வலிமை எழுதப்பட்டிருக்கிறது.

மங்கியதைப் படிக்கும் முறைகள்

தெளிவாக இருக்கும் குறியை எவரும் படிக்கலாம். மங்கியதைப் படிக்கப் பொறுமை வேண்டும். எளிய முறை, விளக்கைச் சாய்த்துப் பிடிப்பது. நேராக விழும் ஒளியில் தெரியாத பள்ளங்கள், கிடைமட்டமாக விழும் ஒளியில் நிழல் பெற்றுத் தெரியும். அடித்துப் பதித்த எண்களுக்கு இம்முறை ஏற்றது. மெல்லிய தாளை எண்ணின்மீது வைத்துப் பென்சிலின் பக்கத்தால் மெல்லத் தேய்த்தாலும் எழுத்து தாளில் எழும். கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கும் முறையின் தம்பி என்று இதனைக் கூறலாம்.

பென்சில் எழுத்துக்கு அகச்சிவப்பு ஒளிப்படம் உதவும். பென்சில் கரி அவ்வொளியை உறிஞ்சுகிறது. சில வண்ணங்களோ அதனை ஊடுருவ விடுகின்றன. கண்ணுக்கு வெறும் பழுப்புப் பரப்பாகத் தோன்றும் இடத்தில், படத்தில் எண் எழுவதுண்டு.

வண்ணப் பூச்சுகளை அறிய உப்புத்தாள் போதும். நுண்மையான உப்புத்தாளை நீரில் நனைத்து, ஓர் இடத்தில் மட்டும் மெல்லத் தேய்க்கின்றனர். மேல்பூச்சு முதலில் அகலும். நடுவில் அடுத்த பூச்சு தெரியும். அதன் நடுவில் அதற்கு முந்தையது தெரியும். மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் பூச்சுகள் வளையம் வளையமாக வெளிப்படும். டைகர் மாத் ஒன்றில் மேலே வெள்ளி நிறமும், அதன்கீழ் பச்சையும் பழுப்புமான உருமறைப்பு நிறமும், அதற்கும் கீழே மஞ்சளும் இருந்தால், அதன் வாழ்க்கையை ஒருவாறு ஊகிக்கலாம். மஞ்சள், பயிற்சி வானூர்தியின் நிறம். உருமறைப்பு, போர்க்கால நிறம். வெள்ளி, போருக்குப் பின் குடிமை வாழ்வில் அது பூண்டிருக்கக்கூடிய நிறம்.

இவற்றில் எதனையும் செய்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அது பதிவு செய்தல். குறியை, அளவுகோலை அருகில் வைத்து ஒளிப்படம் எடுக்க வேண்டும். எந்த உறுப்பில், எந்தப் பக்கத்தில், எந்தத் திசை நோக்கி இருந்தது என்று எழுத வேண்டும். வண்ணம் கரைக்கும் நீர்மமும் மணல் வீசித் தூய்மை செய்யும் எந்திரமும் ஒரு மணி நேரத்தில் எல்லாக் குறிகளையும் துடைத்துவிடும். துடைத்தபின் வருந்திப் பயனில்லை.

குறி சொல்வதும் சொல்லாததும்

குறி பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்காத வினாவுக்கும் அது விடை சொல்வதாக நாம் எண்ணிவிடுகிறோம். பெரும்பாலான பிழைகள் இவ்விடத்தில் தோன்றுகின்றன.

பயிற்சி வானூர்திகள் அடிக்கடி அடிபடும். மாணவர் தரையிறக்கும்போது ஓர் இறக்கை ஒடிந்தால், பண்டகசாலையில் இருந்த வேறோர் இறக்கையை மாட்டி மறுபடியும் பறக்கவிட்டனர். உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாக இருந்ததே அவ்வடிவமைப்பின் சிறப்பு. ஆகவே இறக்கையில் காணும் எண், இறக்கையின் வரலாற்றைக் கூறும். அது இணைந்துள்ள உடற்பகுதியின் வரலாற்றைக் கூற வேண்டும் என்பதில்லை. இரண்டு எண்கள் முரண்படும்போது ஒன்று பொய் என்று கருதுவது தவறு. இரண்டும் மெய்யாக இருக்கலாம். வானூர்தியே பலவற்றின் சேர்க்கையாக இருக்கலாம்.

ஆலையின் எழுத்துகளுக்கும் இஃது பொருந்தும். அமெரிக்காவில் உறுதிமிக்க அலுமினியக் கலவை ஒன்று ‘24 எஸ்’ என்று முதலில் பெயர் பெற்றிருந்தது. 1954ஆம் ஆண்டில் நான்கு இலக்க முறை வந்தபோது அதுவே ‘2024’ ஆயிற்று. எனவே 1946ஆம் ஆண்டில் வெளிவந்த செஸ்னா 140 போன்ற சிறு வானூர்தியின் தகட்டில் ‘2024’ என்று அச்சிட்டிருந்தால், அத்தகடு பிற்காலத்தில் பழுதுபார்க்கும்போது மாற்றப்பட்டது என்று துணிந்து கூறலாம். ஆனால் ‘24 எஸ்’ என்றிருந்தால், அது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது என்று அதே துணிவோடு கூற இயலாது. பண்டகசாலையில் நெடுநாள் கிடந்த பழைய தகட்டைப் பின்னாளில் ஒருவர் பயன்படுத்தியிருக்கலாம். ஒரு குறி சிலவற்றை மறுக்க வல்லது. எல்லாவற்றையும் நிறுவ வல்லதன்று.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்க விமானி அமெலியா எர்ஹார்ட் 1937ஆம் ஆண்டில் உலகைச் சுற்றிப் பறந்தபோது பசிபிக் பெருங்கடலில் காணாமல் போனார். 1991ஆம் ஆண்டில் நிக்குமரோரோ என்னும் சிறு தீவில் அலுமினியத் தகட்டின் துண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் மங்கிய எழுத்துச் சுவடுகள் இருந்தன. அத்துண்டு அவருடைய வானூர்தியைச் சேர்ந்ததா என்று நீண்டகாலம் வாதம் நிகழ்ந்தது. அச்செழுத்து, தகட்டின் வகையையும் காலத்தையும் பற்றிப் பேசக்கூடியது. தகடு எந்த வானூர்தியில் பறந்தது என்பதைத் தனியே நின்று கூறவல்லதன்று. விடை காண வேண்டும் என்னும் ஆவல் மிகுந்தால், எழுத்தில் இல்லாததையும் கண் படித்துவிடும்.

நம் நாட்டிலும் டைகர் மாத்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இயங்கிய தொடக்கப் பயிற்சிப் பள்ளிகளில் விமானிகள் டைகர் மாத்தில் பறக்கக் கற்றனர். விடுதலைக்குப் பின் இந்திய விமானப்படையில் அவை ‘எச்.யு.’ என்னும் எழுத்துகளில் தொடங்கும் எண்களைப் பெற்றன. பறக்கும் கழகங்களில் ‘வி.டி.’ என்னும் பதிவெழுத்துகளுடன் டைகர் மாத் பறந்தது. ஆகவே இங்கு வாழ்ந்த ஒரே வானூர்தியின் துணிக்கும் பூச்சுக்கும் அடியில் பிரிட்டிஷ் படை எண், இந்தியப் படை எண், குடிமைப் பதிவெழுத்து ஆகிய மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் புதைந்திருக்க இடமுண்டு. சீரமைக்கப்பட்ட டைகர் மாத் ஒன்று 2012 அக்டோபர் 8ஆம் நாள், விமானப்படை நாள் விழாவில், ஹிண்டன் வானில் மீண்டும் பறந்தது.

ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் இருக்கும்போது, சீரமைப்பவர் எந்தப் பெயரைத் தீட்டுவது? இதற்குப் பொதுவிதி இல்லை. எந்தக் காலத் தோற்றத்தை மீட்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அக்காலத்திற்குரிய குறிகளை மட்டும் தீட்டுவது நேர்மை. ஒரு காலத்து நிறமும் மற்றொரு காலத்து எண்ணும் கலந்தால், என்றுமே இல்லாத ஒரு வானூர்தி உருவாகிவிடும்.

காப்பதா, படி எடுப்பதா?

அருங்காட்சியகத்தில் நிற்கப்போகும் வானூர்தியையும் மீண்டும் பறக்கப்போகும் வானூர்தியையும் ஒரே முறையில் சீரமைக்க இயலாது. முன்னதில் நைந்த துணியையும் அப்படியே காக்கலாம். பின்னதில் துணியை மாற்றியே ஆக வேண்டும். உளுத்த மரத்தை அகற்றியே ஆக வேண்டும். அவற்றோடு குறிகளும் போகும். அவ்வாறு போகும்போது, எண் எழுதிய துணித்துண்டை வெட்டி எடுத்துப் பாதுகாப்பதும், முத்திரையுள்ள மரத்துண்டைத் தனியே வைப்பதும் நல்ல மரபு.

புதிதாகச் செய்த உறுப்பில் பழைய குறியை மறுபடியும் இடலாமா என்பது கடினமான வினா. உறுப்பு எண்ணை இடுவதில் தவறில்லை. அஃது உறுப்பின் பெயர். வெளிப்புறத்துப் படை எண்ணைத் தீட்டுவதிலும் தவறில்லை. அஃது அனைவரும் அறிந்த தோற்றம். ஆனால் ஆய்வாளரின் முத்திரை அத்தகையதன்று. அது ஒரு மனிதர் கொடுத்த வாக்கு. அவர் காணாத உறுப்பில் அவருடைய முத்திரையைப் பொறிப்பது, அவர் பெயரால் பொய்ச்சான்று எழுதுவதற்கு ஒப்பாகும். அழகுக்காகச் செய்தோம் என்று கூறினாலும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதனைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அவ்விளக்கம் கிட்டாது. அவர் அதனை மெய்யென்றே நம்புவார்.

நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்காக 1964ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட வெனிஸ் சாசனம் இதற்கு வழிகாட்டுகிறது. இழந்த பகுதியை மீண்டும் செய்யும்போது அது முழுமையோடு இசைய வேண்டும். அதே வேளையில் மூலப் பகுதியிலிருந்து பிரித்தறியத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கட்டடத்துக்குச் சொன்ன இக்கருத்து எந்திரத்துக்கும் பொருந்தும். புதிய உறுப்பின் உட்புறத்தில் செய்த ஆண்டையும் செய்தவரின் குறியையும் எழுதிவிட்டால் போதும்; தோற்றமும் கெடாது, உண்மையும் கெடாது.

இதில் பொறியியல் சார்ந்த எச்சரிக்கை ஒன்றும் உண்டு. சுமை தாங்கும் உலோகத்தில் அச்சாணியால் அடித்து எழுத்தைப் பதித்தால், அப்பள்ளத்திலிருந்து விரிசல் தொடங்கக் கூடும். எங்கு வேண்டுமானாலும் குறி பொறிக்கும் ஆர்வம், பறக்கும் உறுப்பையே பலவீனமாக்கிவிடும்.

எண்களுக்குப் பின்னே இருந்த கைகள்

போர்க்கால பிரிட்டனில் 1941 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், 20 முதல் 30 வயது வரையிலான திருமணமாகாத பெண்களையும் நாட்டுப் பணிக்கு அழைத்தது. பெண்கள் பலர் வானூர்தித் தொழிற்சாலைகளில் பணியாற்றினர். நாம் இன்று துணியை உரித்துக் காணும் பென்சில் எண்ணை, அதற்கு முன் கருவியையே தொட்டறியாத ஓர் இளம்பெண் எழுதியிருக்கலாம். முத்திரை எண் யாருடையது என்று கூறும் பதிவேடு அழிந்துவிட்டால், எண் மட்டுமே எஞ்சும். விமானியின் பெயரை வரலாறு எழுதிவைக்கிறது. வானூர்தியைச் செய்தவரின் பெயரை அவ்வாறு எழுதிவைப்பது அரிது.

அரிதாக நிகழ்ந்த ஒரு நிகழ்வைக் கூறி நிறைவு செய்வோம். சார்லஸ் லிண்ட்பெர்க் 1927 மே 20, 21 ஆகிய நாள்களில், நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை தனியாக, எங்கும் இறங்காமல், முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்தார். அவர் பறந்த ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ என்னும் சிறு வானூர்தியைச் சான் டியாகோ நகரில் ரையான் நிறுவனத்தின் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் கட்டி முடித்தனர். உந்துவிசிறியின் முன்னே இருக்கும் உலோகக் கூம்பின் உட்புறத்தில், எவர் கண்ணிலும் படாத இடத்தில், அவர்கள் தம் பெயர்களை எழுதி வாழ்த்தி அனுப்பினர். ஆனால் வானூர்தி நியூயார்க்கை அடைந்தபோது அக்கூம்பில் விரிசல் இருந்தது. அதனை அகற்றிவிட்டு வேறொரு கூம்பை மாட்டினர். பெயர்கள் அட்லாண்டிக்கைக் கடக்கவில்லை. விரிசலுற்ற அக்கூம்பு பத்திரமாக இருப்பதால், கட்டியவர்களின் பெயர்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன.

அக்கூம்பை எடுத்து, இது கடலைக் கடந்தது என்று ஒருவர் கூறினால் அது பிழை. இது கடலைக் கடக்காதது, ஆகவே பயனற்றது என்று மற்றொருவர் எறிந்திருந்தால் அது பெரும்பிழை. அக்கூம்பு எதற்குச் சான்றோ, அதற்கு மட்டும் சான்றாக அதனைப் போற்றுவதே அறிவு. பழைய பொருளொன்றைக் கையில் எடுக்கும்போது, அதில் எழுதியுள்ளதை முழுமையாகப் படிப்போம்; எழுதாததை எழுதியதாகக் கொள்ளாதிருப்போம்; எழுதிய கையை மறவாதிருப்போம்.

கலைச்சொல் அறிவோம்

அடையாளத் தகடு – டேட்டா பிளேட்
ஆய்வாளர் முத்திரை – இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டாம்ப்
இரட்டை அடுக்கு இறக்கை வானூர்தி – பைப்ளேன்
உடற்பகுதி – ஃபியூசலாஜ்
உந்துவிசிறி – புரொப்பெல்லர்
உருமறைப்பு – கேமஃபிளாஜ்
விலாச்சட்டம் – ரிப்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய மிதிவண்டி, தையல் எந்திரம், கடிகாரம், தராசு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ள குறிகளையும் எண்களையும் படியெடுத்து, அவை யாருக்காக எழுதப்பட்டவை என்று வகைப்படுத்துக.

2. ‘ஒரு குறி சிலவற்றை மறுக்க வல்லது, எல்லாவற்றையும் நிறுவ வல்லதன்று’ – பாடப்பகுதியில் உள்ள எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குக.

3. புதிய உறுப்பில் பழைய ஆய்வாளரின் முத்திரையை இடலாமா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

4. உங்கள் ஊரில் பொருள்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுக்குச் சென்று, உறுப்புகளை மாற்றும்போது எவ்வெக் குறிகளைப் பார்க்கின்றனர் என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.